பினாங்குப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி: சேர்க்கை விகிதம் சொல்வதும் சொல்லாததும்

"அந்தப் பள்ளியில சிறப்புக் கல்வி மாணவர்கள் இருபது பேருக்கு மேல இருக்காங்க. உங்க பள்ளியில ஒருத்தர்கூட இல்லையே, எப்படி?" ஆசிரியர்கள் கூடும் இடங்களில் இப்படி ஒரு கேள்வி வருவதுண்டு. கேட்பவர் சில நேரம் பாராட்டாகக் கேட்பார், சில நேரம் குறையாகக் கேட்பார். பதில் சொல்பவரும், "எங்ககிட்ட அப்படிப்பட்ட பிள்ளைங்க இல்ல சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்.

அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாத பள்ளி என்று ஒன்று இருக்க முடியுமா? உலகில் 24 கோடிப் பிள்ளைகள், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒருவர், ஏதாவது ஒரு வகை மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2021-ல் கணித்தது. பத்தில் ஒன்று எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டாலும் நூறு மாணவர் படிக்கும் பள்ளியில் ஐந்து பேராவது இருக்க வேண்டும். பதிவேட்டில் சுழியம் என்று இருந்தால், அந்தச் சுழியம் எப்படி வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

பினாங்கு மாநிலத்தின் வரலாறு இதற்கு நல்ல வழிகாட்டி. மலாயாவின் சிறப்புக் கல்வி வேரூன்றிய இடங்களில் ஒன்று இது. ஒவ்வொரு காலத்திலும் சேர்க்கை எண்ணிக்கை ஏறியதற்கும் இறங்கியதற்கும் பிள்ளைகள் மாறியது காரணமில்லை; கதவுகளும் விதிகளும் மாறியதுதான் காரணம். சேர்க்கை விகிதத்தை ஒப்பிட நினைப்பவர்கள் முதலில் இந்தக் கதவுகளின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சில சொற்கள்

சேர்க்கை எண்ணிக்கை வேறு, சேர்க்கை விகிதம் வேறு. சிறப்புக் கல்வியில் பதிவான மாணவரின் தொகை எண்ணிக்கை. அதைப் பள்ளியின் மொத்த மாணவர் தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது விகிதம்.

நம் நாட்டில் பதிவு பெற்ற சிறப்புத் தேவை மாணவர்கள் மூன்று வழிகளில் படிக்கிறார்கள். முதலாவது, அவர்களுக்கென்றே உள்ள சிறப்புக் கல்விப் பள்ளி. இரண்டாவது, சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்பாக நடக்கும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டம். நாம் பேச்சில் 'பிபிகேஐ' என்பது இதைத்தான். மூன்றாவது, மற்ற மாணவரோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் உள்ளடக்கக் கல்வித் திட்டம். தமிழ்ப்பள்ளிகளில் நமக்குப் பழக்கமான குறைநீக்கல் வகுப்பு இந்த மூன்றிலும் சேராது. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய மாணவனைத் தூக்கிவிட்டு மறுபடி வகுப்புக்கு அனுப்புவது அதன் வேலை. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிடும்.

இல்லங்களின் காலம்: 1926 – 1954

தமிழ்க் கல்வியின் மலேசிய வரலாறு பினாங்கில் தொடங்கியது நமக்குத் தெரியும். 1816 அக்டோபர் 21-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் பாதிரியார் ஹட்சிங்ஸ் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகு நூறாண்டுகளுக்கு மேல் கடந்துதான் பார்வையற்ற பிள்ளைக்கு இங்கே ஒரு முறையான பள்ளி வந்தது.

ஆங்கிலிக்கன் திருச்சபையினர் 1926-ல் மலாக்காவில் செயின்ட் நிக்கோலஸ் இல்லத்தைத் தொடங்கினார்கள். 1931-ல் அது பினாங்குக்கு இடம் மாறியது. பாகான் ஜெர்மால் பகுதியில் அந்த இல்லம் இன்றும் உண்டு. தங்குமிடமும் பள்ளியும் தொழிற்பயிற்சியும் சேர்ந்த இடமாக அது வளர்ந்தது. தெற்கே ஜோகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பார்வையற்றோர் பள்ளி 1940-களின் இறுதியில் வந்தது.

காது கேளாத பிள்ளைகளுக்கான முயற்சி 1950-களில் வலுத்தது. அப்போதைய பிரிட்டிஷ் உயர் ஆணையரின் மனைவி டெம்ப்ளர் சீமாட்டி இதில் அக்கறை எடுத்துக்கொண்டார். 1954-ல் தஞ்சோங் பூங்காவில் கூட்டரசு காது கேளாதோர் பள்ளி இயங்கத் தொடங்கியது. பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள்.

அந்தப் பள்ளியின் வகுப்பறையில் அன்று வாய்மொழி முறைதான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக வேண்டும். கையால் பேசுவதற்கு ஊக்கம் இல்லை. ஆனால் மணி அடித்து வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டார்கள். விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் அவர்களுக்குள் வளர்ந்த அந்த மொழிதான் பிற்காலத்தில் பினாங்கு சைகை மொழி என்று பெயர் பெற்றது. ஆசிரியர் கற்றுக்கொடுக்காத மொழியை மாணவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். முழுமைத் தொடர்பு முறை 1970-களின் பிற்பாதியில் வந்த பிறகே சைகை வகுப்பறைக்குள் மதிப்போடு நுழைந்தது.

சேர்க்கைக் கணக்குக்கு வருவோம். அந்தக் காலத்தில் யாராவது மாநிலவாரியாகச் சேர்க்கையை எண்ணியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பினாங்கில் காது கேளாத மாணவர் நிறைய, அக்கம்பக்க மாநிலங்களில் மிகக் குறைவு என்று தெரிந்திருக்கும். "பினாங்குத் தண்ணியில ஏதோ கோளாறு" என்று யாராவது சொன்னால் சிரிப்போம், இல்லையா? பள்ளி இங்கே இருந்தது, அதனால் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். பள்ளிகளை இன்று ஒப்பிடும்போதும் இதே தவறு நடக்கிறது. அளவு சிறியதாக இருப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

சாதாரணப் பள்ளியின் கதவு: 1962 – 1988

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களைச் சாதாரணப் பள்ளிகளில் சேர்க்கும் முயற்சி 1962-ல் தொடங்கியது. கேட்டல் குறைபாடுள்ளவர்களுக்கு 1963-ல் தொடங்கியது. விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலிருந்தே பிள்ளையைப் படிக்க வைக்கலாம் என்ற வாய்ப்பு சில குடும்பங்களுக்காவது கிடைத்தது.

அப்போதும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இல்லை. திருச்சபையும் தொண்டு அமைப்புகளும் சமூகநல இலாகாவும் ஆளுக்கொரு பங்கைச் சுமந்தன. 1979-ல் வெளிவந்த அமைச்சரவைக் குழு அறிக்கைதான் திருப்புமுனை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்விக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று அதன் 169-வது பரிந்துரை சொன்னது. தேர்வு எழுதுகிறவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களில் அமைச்சுகளுக்கிடையே வேலை பிரிக்கப்பட்டது. முன்கூட்டிக் கண்டறிவது சுகாதார அமைச்சின் வேலை. பார்வை, கேட்டல், மிதமான கற்றல் குறைபாடு ஆகியவை கல்வி அமைச்சின் கீழ் வந்தன. உடற்குறைபாடும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடும் சமூகநலத் துறைக்குப் போயின. 1984-ல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் நாடு முழுக்கப் பரவியது. 'பிடிகே' மையம் என்று நாம் சொல்வது அதுதான்.

கல்வி அமைச்சின் பட்டியலை மட்டும் பார்த்து, "கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் நம் வட்டாரத்தில் குறைவு" என்று முடிவு கட்டுகிறோம். அந்தப் பிள்ளைகள் எங்கும் போய்விடவில்லை. சிலர் பிடிகே மையத்தில், சிலர் தொண்டு இல்லத்தில், சிலர் வீட்டு முன்னறையில் இருந்தார்கள். வேறொரு இலாகாவின் கோப்பில் இருப்பதால் பள்ளிக் கணக்கில் வரவில்லை.

1988-ல் கோலாலம்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு முன்னோடி வகுப்பு தொடங்கப்பட்டது. இன்று நம் பள்ளிகளில் காணும் பிபிகேஐ வகுப்புகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை.

சட்டமும் 'கற்பிக்கத்தக்கவர்' என்ற சொல்லும்: 1995 – 2013

1995-ல் கல்வி அமைச்சில் சிறப்புக் கல்விக்குத் தனி இலாகா அமைந்தது. 1996 கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு இடம் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1997-ல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் வந்தன.

அந்த விதிமுறைகளில் ஒரு சொல் முக்கியமானது: 'கற்பிக்கத்தக்கவர்'. பிறர் உதவியில்லாமல் தன்னைப் பார்த்துக்கொள்ளக்கூடிய, தேசியக் கல்வித் திட்டத்தைப் பின்பற்றக்கூடிய பிள்ளைதான் அரசு சிறப்புக் கல்வியில் சேரலாம். மருத்துவர், கல்வி அமைச்சு அதிகாரி, சமூகநல இலாகா அதிகாரி ஆகியோர் அடங்கிய குழு அதை உறுதிப்படுத்த வேண்டும். பல குறைபாடுகளை ஒருசேரக் கொண்ட பிள்ளைக்கும் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இந்தக் கதவு திறக்கவில்லை.

கழிப்பறைக்குத் தானாகப் போகத் தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று பல பெற்றோர் முயற்சி செய்யாமலேயே விட்டுவிட்டார்கள். "இவன எந்த ஸ்கூல்ல எடுப்பாங்க?" என்று அம்மாவே கேட்டுவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. ஆனாலும் இந்தப் பிள்ளைகள் பலர் வெளியிலேயே இருந்தார்கள்.

2008-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வி முறையிலிருந்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 2010-ல் மலேசியா ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2013-ல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. பார்வை, கேட்டல், பேச்சு, உடல், கற்றல், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை என ஆறு பிரிவுகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

ஆக, 1997-க்கு முந்திய பட்டியலையும் 2013-க்குப் பிந்திய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, "பாருங்க, எவ்வளவு கூடிப்போச்சு" என்று சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டு பட்டியலும் ஒரே வலையால் பிடித்தவை இல்லை.

75 விழுக்காடு யாரில்? 2013-க்குப் பிறகு

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 வெளிவந்தபோது, பதிவு பெற்ற சிறப்புத் தேவை மாணவர்களில் 89 விழுக்காட்டினர் ஒருங்கிணைப்புத் திட்டத்திலும், 6 விழுக்காட்டினர் உள்ளடக்கத் திட்டத்திலும், 5 விழுக்காட்டினர் சிறப்புக் கல்விப் பள்ளிகளிலும் இருந்தார்கள். 2025-க்குள் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கத் திட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு.

இலக்கு நல்லது. ஆனால் கணக்கு ஆசிரியர் போல ஒரு கேள்வி கேட்போம்: 75 விழுக்காடு யாரில்? ஏற்கெனவே பதிவானவர்களில்தானே. பதிவே ஆகாத மாணவன் வகுக்கும் எண்ணில் இல்லை. ஒரு பள்ளி நான்கு மாணவரைப் பதிவு செய்து மூவரை உள்ளடக்க வகுப்புக்கு அனுப்பினால் 75 விழுக்காடு நிறைவேறிவிடும். கடைசி வரிசையில் பெயர் வராமல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது மாணவனால் அந்த விழுக்காடு குறையப் போவதில்லை.

2019 முதல் நடப்புக்கு வந்த 'யாரையும் மறுக்காதே' கொள்கை இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு ஒரு பள்ளியின் எண்ணிக்கை ஏறினால் பயப்பட வேண்டியதில்லை. முன்பு வாசலோடு திரும்பியவர்கள் இப்போது உள்ளே வருகிறார்கள் என்று பொருள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

இனிவரும் எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. எந்தப் பள்ளியையும் குறிப்பவை அல்ல.

ஒரு வட்டாரத்தில் ஐந்து பள்ளிகள். 'அ' பள்ளியில் 1,400 மாணவர்; அதில் பிபிகேஐ வகுப்பில் 28 பேர். விகிதம் 2 விழுக்காடு. மற்ற நான்கு பள்ளிகளில் முறையே 70, 180, 250, 300 மாணவர்கள். நான்கிலும் பிபிகேஐ இல்லை. நான்கிலும் விகிதம் சுழியம்.

பள்ளிவாரியாகப் பார்த்தால் 'அ' பள்ளியில் பிரச்சினை அதிகம், மற்றவற்றில் இல்லவே இல்லை என்று தோன்றும். ஆனால் 'அ' பள்ளியின் 28 பேரில் 10 பேர், தங்கள் பக்கத்துப் பள்ளியில் வகுப்பு இல்லாததால் இங்கே வந்தவர்கள் என்றால்? அப்போது சரியான கேள்வி வட்டாரத்துக்குரியது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 2,200 மாணவர்கள். 28-ஐ 2,200-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.27 விழுக்காடு. ஒப்பிடுவதானால் இந்த வட்டார விகிதத்தை இன்னொரு வட்டார விகிதத்தோடு ஒப்பிடலாம். 2-ஐயும் சுழியத்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை.

சிறிய பள்ளியில் இன்னொரு சிக்கல். 70 மாணவர் உள்ள பள்ளியில் ஒரு பிள்ளை பதிவானால் விகிதம் 1.43 விழுக்காடு. அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை பதிவானால் 2.86. "ஒரே வருஷத்துல இரட்டிப்பு" என்று தலைப்பு போட்டுவிடலாம்; நடந்தது ஒரு பிள்ளை கூடுதலாகப் பதிவானது, அவ்வளவுதான். 150-க்கும் குறைந்த மாணவர் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் பல. அவற்றுக்கு ஓராண்டு விழுக்காட்டைவிட மூன்று, நான்கு ஆண்டுகளின் எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

வெளிநாட்டு அனுபவம் மூன்று

*சொல் மாறினால் எண் மாறும்.* அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்வி உரிமைச் சட்டம் 1975-ல் வந்தது. 1976–77-ல் பொதுப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய 8 விழுக்காட்டினர் சிறப்புக் கல்வி பெற்றார்கள். 2022–23-ல் அது 15 விழுக்காடு, அதாவது 75 லட்சம் பேர். இடையில் சட்டத்தின் பிரிவுகள் விரிந்தன. ஆட்டிசம் 1990-ல்தான் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. பிரிட்டனில் 1978-ல் வந்த வார்னாக் அறிக்கை, ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிப் பருவத்தில் எப்போதாவது சிறப்பு உதவி தேவைப்படலாம் என்றது. அப்போது அங்கே சிறப்புப் பள்ளிகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2 விழுக்காட்டினர்தான்.

நம் நாட்டுப் பட்டியலை அமெரிக்கப் பட்டியலோடு ஒப்பிடும்போது இன்னொரு பள்ளம் உண்டு. அங்கே 'கற்றல் குறைபாடு' என்றால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் வரும் குறிப்பிட்ட இடர்ப்பாடு. இங்கே 'கற்றல் குறைபாடு' என்ற தலைப்பில் டிஸ்லெக்சியா, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், கவனக்குறைவு, அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் அடங்கும். ஒரே சொல்லாக இருந்தாலும் எண்ணுவது வேறு வேறு.

*இலக்கு வைத்தால் பிள்ளை மறையும்.* டெக்சஸ் மாநிலக் கல்வித் துறை 2004-ல் ஒரு கண்காணிப்பு அளவுகோலை வைத்தது. சிறப்புக் கல்விச் சேர்க்கை 8.5 விழுக்காட்டுக்கு மேல் போகாத மாவட்டங்களுக்கு நல்ல மதிப்பெண். அப்போது மாநில விகிதம் 12 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது 8.5-க்கு இறங்கியது. பிள்ளைகள் குணமாகிவிட்டார்களா? 2016-ல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகள் உதவியை மறுத்தும் தள்ளிப்போட்டும் வந்தது தெரிந்தது. 2017-ல் மாநிலச் சட்டமன்றம் அப்படி வரம்பு வைப்பதைத் தடை செய்தது. டெக்சஸ் கூட்டரசுச் சட்டத்தை மீறியது என்று 2018 ஜனவரியில் அமெரிக்கக் கல்வி அமைச்சு முடிவு சொன்னது. வரம்பு போனதும் விகிதம் மறுபடி ஏறியது.

*மொழி தெரியாத தேர்வு.* கலிபோர்னியாவில் 1970-ல் முடிவுக்கு வந்த 'டயானா' வழக்கு நமக்கு மிக நெருக்கமானது. ஸ்பானிய மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்த ஒன்பது மெக்சிக்க அமெரிக்கப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை செய்து, அறிவுத்திறன் குறைந்தோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்கள் மொழியிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே இல்லை என்று தெரிந்தது. பிள்ளையின் முதல்மொழியில் சோதிக்க வேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஆறு வயதுப் பிள்ளையை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டு, "பதில் வரல" என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை இந்த வழக்கோடு சேர்த்து யோசியுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. உண்மையிலேயே உதவி தேவைப்படும் தமிழ்ப்பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு மொழிதான் வரல, போகப் போகச் சரியாயிடும்" என்று மூன்றாண்டு காத்திருப்பதும் அநியாயம்தான்.

நம் தமிழ்ப்பள்ளிகளின் சுழியம்

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். ஜோர்ஜ் டவுன் நகர்ப்புறத்தில் சில; செபராங் பிறைப் பக்கம் பல. லாடாங் மாலாகோஃப், லாடாங் திரான்ஸ்கிரியான், லாடாங் பைராம் என்ற பள்ளிப் பெயர்களே அவை தோட்டங்களில் பிறந்தவை என்பதைக் காட்டுகின்றன. தோட்டத்துப் பள்ளிகள் சிறியவை. பிபிகேஐ தொடங்க வேண்டுமானால் போதிய மாணவர் எண்ணிக்கை, தனி அறை, பயிற்சி பெற்ற ஆசிரியர் மூன்றும் வேண்டும். ஆகவே எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இந்த வகுப்பு இல்லை.

வகுப்பு இல்லாத பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவை என்று உறுதியானால் பெற்றோர் முன் மூன்று வழிகள். வகுப்பு உள்ள வேறு தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாம், தூரம் ஒத்துவந்தால். பக்கத்துத் தேசியப்பள்ளியின் பிபிகேஐ-க்கு அனுப்பலாம். அல்லது பதிவே செய்யாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

இரண்டாவது வழியில் பிள்ளைக்கு உதவி கிடைக்கும், தமிழ் போய்விடும். பேச்சே சிரமப்பட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி என்றால் பாட்டியோடு பேசும் நாலு வார்த்தையும் கேள்விக்குறிதான். சிறப்புக் கல்வி மாணவருக்கென்றே தமிழ்ப்பள்ளித் தமிழ்மொழிப் பாடத்திட்டம் இருக்கிறது. அதைப் படிக்க வகுப்புதான் பக்கத்தில் இல்லை.

மூன்றாவது வழியில் தமிழ் இருக்கும்; உதவி இருக்காது. பதிவு பெற்ற மாணவருக்குக் கிடைக்கும் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் வராது. பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்புக்கு ஏறுவான். ஆறாம் ஆண்டிலும் பெயரை முழுதாக எழுதச் சிரமப்படுவான்.

இரண்டு நேர்விலும் தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டில் சுழியம்தான் வரும். ஒரு சுழியத்துக்குப் பின்னால் பள்ளியை விட்டுப் போன பிள்ளை; இன்னொன்றுக்குப் பின்னால் கடைசி வரிசைப் பிள்ளை. விகிதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

பெற்றோர் பதிவுக்குத் தயங்குவதையும் சொல்ல வேண்டும். "ஓகேயூ அட்டை எடுத்தா புள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடுமே, நாளைக்குக் கல்யாணம் காட்சி எப்படி?" என்ற பயம் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் பலமுறை போய்வர வேலைக்கு லீவு போட வேண்டும். ஷிப்டு வேலை பார்க்கும் தாய்க்கு அது சம்பள வெட்டு. இவற்றைப் புரிந்துகொள்ளாமல், "பெற்றோர் ஒத்துழைக்கல" என்று எழுதிக் கோப்பை மூடுவது சுலபம்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

1. விகிதத்தைக் கேட்கும்போதே கூடவே மூன்றைக் கேளுங்கள்: இந்தப் பள்ளியில் பிபிகேஐ உண்டா? வெளியிலிருந்து வந்த மாணவர் எத்தனை பேர்? இங்கிருந்து வெளியே போனவர் எத்தனை பேர்?

2. குறைநீக்கல் வகுப்பிலிருந்து நீண்ட காலம் வெளியேறாத மாணவர் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவர்கள் பெரும்பாலும் அதில் இருப்பார்கள்.

3. கண்ணையும் காதையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தமானவன் என்று முடிவு கட்டிய கதைகள் நம்மிடம் ஏராளம்.

4. பரிந்துரைக் கடிதத்தில் பிள்ளையின் வீட்டு மொழி தமிழ் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். தமிழில் கேட்டால் என்ன செய்கிறான், எதைச் செய்ய முடியவில்லை என்று இரண்டு மூன்று எடுத்துக்காட்டு சேருங்கள். மருத்துவருக்கு மதிப்பெண்ணைவிட அது பெரிய உதவி.

5. பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகள் சேர்ந்து வட்டாரக் கணக்கு எடுக்கலாம். தனித்தனியே ஒருவர், இருவர் என்று இருப்பதால் வகுப்பு திறக்க முடிவதில்லை. நான்கு பள்ளிகள் சேர்ந்தால் ஒரு பள்ளியில் வகுப்புக் கேட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போக ஆதாரம் கிடைக்கும். சேர்க்கை விகிதத்தால் நமக்கு ஆகக்கூடிய பெரிய பயன் இதுதான்.

தேர்வுக்கு: ஒரே பார்வையில்

1926 – மலாக்காவில் செயின்ட் நிக்கோலஸ் இல்லம். 1931-ல் பினாங்குக்கு மாற்றம்
1954 – தஞ்சோங் பூங்காவில் கூட்டரசு காது கேளாதோர் பள்ளி
1962, 1963 – பார்வை, கேட்டல் குறைபாடுள்ளோர் சாதாரணப் பள்ளிகளில்
1979 – அமைச்சரவைக் குழு அறிக்கை, பரிந்துரை 169
1984 – பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம்
1988 – கற்றல் குறைபாடுள்ளோருக்கு முன்னோடி வகுப்பு
1996, 1997 – கல்விச் சட்டம். சிறப்புக் கல்வி விதிமுறைகள்
2008 – மாற்றுத்திறனாளிகள் சட்டம்
2013 – புதிய விதிமுறைகள், கல்விப் பெருந்திட்டம்
2019 – 'யாரையும் மறுக்காதே' கொள்கை

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 1950-களில் பினாங்கில் காது கேளாத மாணவர் சேர்க்கை மற்ற மாநிலங்களைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்பதற்குக் காரணம் யாது?

2. 'கற்பிக்கத்தக்கவர்' என்ற நிபந்தனை சேர்க்கை எண்ணிக்கையை எவ்வாறு பாதித்தது? 2013 விதிமுறைகளோடு ஒப்பிட்டு விளக்குக.

3. 90 மாணவர் உள்ள பள்ளியில் சிறப்புக் கல்விச் சேர்க்கை சுழியம். 1,200 மாணவர் உள்ள பள்ளியில் 2 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை மட்டும் கொண்டு முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் தருக.

4. டெக்சஸ் அனுபவத்திலிருந்து மலேசியப் பள்ளிகள் கற்க வேண்டியது என்ன?

5. உங்கள் பள்ளியின் சென்ற ஆண்டுப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். சிறப்புக் கல்வி எண்ணிக்கை சுழியமாக இருந்தால், அந்தச் சுழியத்துக்குப் பின்னால் எந்தப் பிள்ளைகள் இருக்கக்கூடும் என்று சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி, ஒரு பட்டியல் தயார் செய்க.